குளத்தில் போன விரால்

கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து என் கணவரின் இடது கை முழங்கைக்கு மேலோடு போய்விட்டது. அதற்கு முன் அவர் ஓலைத்தொடுவாயில் கடல் தொழில் செய்தவர். முகாமிலிருந்து விட்டபோது அங்கே எங்களுக்கு வீடு மிஞ்சியிருக்கவில்லை. உயிலங்குளத்தில் என் தமக்கையின் காணியில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டோம்.

ஒற்றைக் கைக்காரரை வள்ளத்தில் ஏற ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருநாள் அவராகவே பூவரசங் கம்பொன்றை வெட்டி, தங்கூசி நூலைக் கட்டி, பழைய செருப்பில் ஒரு துண்டை மிதப்பாகக் கோர்த்தார். முடிச்சுகளைப் பல்லால் இறுக்கினார். தையல் ஊசியைக் காய்ச்சித் தூண்டில் முள்ளாக வளைத்துக் கொடுத்தது நான். குளத்தில் புழுக் கோர்த்துக் கொடுப்பதும் நான்தான். அதற்காகவே கூடப் போவேன்.

வீட்டுத்திட்ட விஷயமாக ஒருநாள் நான் அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டி வந்தது.

"இண்டைக்கு நீங்கள் போகாதேங்கோ. நாளைக்கு ரெண்டு பேரும் போவம்."

"ஓம்" என்றார்.

மத்தியானம் திரும்பியபோது உடம்பெல்லாம் நனைந்து வாசலில் இருந்தார். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. முள்ளைப் பல்லில் கடித்துக்கொண்டு புழுக் கோர்க்கப் பார்த்திருக்கிறார்.

"தூண்டில் எங்கை?"

"விரால் கொண்டுபோட்டுது."

மிச்சத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் சொன்னார். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலைக் கையில் சுற்றப் பார்த்தாராம். மீன் இழுக்க இழுக்கத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "பிடிக்கட்டோ அண்ணை?" என்று கிட்ட வந்திருக்கிறாள். வேண்டாமென்று கத்தியதில் கம்பு நழுவிவிட்டது.

"பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோச்சு. நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது."

உப்புத் தண்ணீரால் உதட்டைத் துடைத்துவிட்டேன். "வேற கம்பு வெட்டுவம்" என்றேன்.

அந்தக் கம்பை நான்தான் வெட்டினேன். அவர் அதைத் தொடவேயில்லை. நான் தனியே போய், கிடைத்ததைக் கொண்டுவந்து கறி வைப்பேன். குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு மீனை என் பக்கம் தள்ளிவிடுவார். ஏனென்று கேட்டதற்கு, "சேத்து மணம்" என்றார். முன்பு அதே மீனைத் தலையும் விடாமல் சாப்பிட்டவர்.

மாரி முடிந்த ஒரு காலையில், தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பினேன். குளக்கட்டில் அவர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"வாங்கோவன்" என்று கூப்பிட்டேன்.

வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே போய்விட்டார். பிறகு அவர் குளப்பக்கம் வரவில்லை. அன்று ஏன் வந்தாரென்று நானும் கேட்கவில்லை.