பெரிய பள்ளிக்கூடத்துப் படம்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மகள் பிடிவாதமாக நிற்கிறாள்.

அவள் இங்கே ஒஸ்லோவில் படிப்பது ஒரு பழைய பள்ளிக்கூடம். ராசாக்கள் காலத்தில் லத்தீன் படிப்பிக்கத் தொடங்கியதாம். போன கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். வழக்கம்போல மண்டபத்துக்குள் போகக் கூச்சப்பட்டு வெளி விறாந்தையில் நின்றேன். சுவர் நிறையப் பழைய மாணவர்களின் படங்கள். மகள் ஒன்றைக் காட்டினாள்.

"முந்தி இஞ்சை பொம்பிளைப் பிள்ளையளைச் சேர்க்கேல்லையாம் அப்பா. கீழை எழுதியே போட்டிருக்கினம். உங்கடை ஊரிலையும் இப்பிடிப் படம் இருந்ததோ?"

இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பெரிய பள்ளிக்கூடம் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஓலைக் கொட்டிலில் தொடங்கியது. பிறகு கல்லால் கட்டி, மணிக்கூண்டு வைத்து, நூறு வருடங்களையும் தாண்டிவிட்டது. அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, அங்கே படித்தவர். ஆனால் அப்பாவை அங்கே அனுப்பவில்லை; ஏன் என்று சாகும்வரை சொல்லவுமில்லை. அப்பாவுக்கு அது ஆறாத மனக்குறை. கூலிவேலை செய்தாலும் என்னை ஆறாம் வகுப்புக்கு அங்கேதான் சேர்ப்பது என்று நின்றார்.

பெயர் பதிகிற நாளில் அங்கே பழைய படங்களின் கண்காட்சியும் நடந்தது. எனக்குப் புதுக் காற்சட்டை. அப்பா வழக்கத்துக்கு மாறாகச் சேட்டுப் போட்டிருந்தார்.

"துரைமார் வெளிக்கிட்டாச்சு! வரேக்கை இங்கிலிசிலைதான் கதைப்பினம்," என்றார் எங்களோடு இருந்த மாமி, அப்பாவின் தங்கை. அப்பாவே சிரித்துவிட்டார்.

மண்டபத்தில் வாத்தியார் ஒருவர் அன்பாக விசாரித்தார். "பழைய மாணவன்ரை பேரனோ? வாங்கோ, படத்தைப் பாத்திட்டுப் பேரைப் பதிவம்."

நான் முன்னால் ஓடினேன். அப்பப்பாவின் வகுப்புப் படம் கிடைத்தது. மற்றப் பையன்கள் எல்லாரும் நீள மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில், வெறும் நிலத்தில், சட்டையில்லாமல் இரண்டு பேர். அதில் ஒருவனுக்கு எனக்கும் அப்பாவுக்கும் உள்ள அதே விரிந்த காது. கீழே மையால் அப்பப்பாவின் பெயர்.

"அப்பா, ஓடியாங்கோ! அப்பப்பா நிலத்திலை இருக்கிறார்! என்ன குழப்படி செய்து தண்டனை வாங்கினவர்?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். இரண்டு மூன்று பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. மனிதர் விழப்போகிறார் என்று பயந்துபோனேன்.

"பேரைப் பதிவமோ?" என்றார் வாத்தியார்.

"இல்லை ஐயா."

"ஏன்?"

 அப்பா என் கையை நோகப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்.  வீட்டுக்கு வந்ததும் சேட்டைக் கழற்றி மாமியிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிப்போகவில்லை. அடுத்த மாதமே அவரோடு வேலைக்குப் போனேன்.

நான் கத்தியதால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அதன்பிறகு நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பியதில்லை.

எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு ஒருகாலத்தில் அங்கே வாங்கு கொடுப்பதில்லை என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். நான் பெயர் பதியப் போன அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில்தான் இருந்தார்கள், யன்னலால் கண்டேன். அப்பாவின் கண்ணுக்கு அந்த நிலம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அந்தப் படத்தின் கீழே பெயர்களைத் தவிர, ஏன் நிலத்தில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்பப்பா ஒரு குழப்படியும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஒஸ்லோ, புருசெத்
12 நவம்பர் 2006, ஞாயிற்றுக்கிழமை