கண்ணாயி மாட்டிய ஃபேன்

கண்ணாயியிடம் ஒரு பொருளை விற்றுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறிய வியாபாரி, மலை மேல் இருக்கிற தேவனூர் நாட்டில் யாரும் கிடையாது. மிளகு வாங்க வருகிறவனின் தராசைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். மழை வரும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்வதில் இவனுக்கு என்ன லாபம் என்று யோசிப்பாள். புருஷன் போன பிறகு இரண்டு ஏக்கர் காட்டையும் ஒரு பெண் பிள்ளையையும் இந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் காப்பாற்றினோம் என்பது அவள் நினைப்பு. அதில் பாதி உண்மைதான். தனியாக நின்ற பொம்பளையை ஏமாற்றப் பார்த்தவர்கள் அங்கே ஒருவர் இருவர் இல்லை.

அந்தப் பெண் பிள்ளை ராதிகாவுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு அம்மாவும் மகளும் சத்துமாவு செய்கிறார்கள். விறகடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றி ராகியும் சாமையும் வறுப்பது ராதிகா. வாசலோரம் உட்கார்ந்து எடை போட்டுப் பாக்கெட் ஒட்டுவது கண்ணாயி. போன தை மாதம் கொட்டகையின் புல் கூரையைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட்டார்கள். சித்திரை பிறந்ததும் ராதிகா ஆரம்பித்தாள்.

"எம்மா, உள்ள மூச்சு முட்டுது. செவுத்துல ஒரு பெரிய ஃபேன் மாட்டோணும்."

கண்ணாயிக்குச் சிரிப்பு வந்தது. மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரன் ஃபேன் கேட்டால் நியாயம். கீழே வெயிலில் வெந்தவர்கள் காற்று வாங்கக் கார் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் புழுக்கமாம்! அவர்கள் வீட்டில் இன்றுவரை ஃபேன் கிடையாது. மலைக்காரி ஃபேன் வாங்கினாள் என்றால் ஊர் சிரிக்காதா?

சிரிப்பு அடங்கியதும் சந்தேகம் வந்தது. ராதிகாவின் தோழி ஆர்த்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். தினமும் போன் பேசுகிறாள். ஆக, இந்த வெக்கைக் கதையெல்லாம் திருப்பூருக்குப் போடுகிற அஸ்திவாரம். மகள் போய்விட்டால் கொட்டகை நின்றுவிடும் என்பதுகூடப் பெரிதில்லை. வீட்டில் அவளைத் தவிர பேச்சுக்கு ஒரு ஆள் கிடையாது.

வைகாசியில் ஒரு நாள் ராதிகா அடுப்புக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். கண்ணாயி தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தாள். மகள் கண் திறந்த பிறகு வழக்கமான புத்தி எட்டிப் பார்த்தது. சட்டியைப் பத்திரமாக இறக்கி வைத்த பிறகு பார்த்து மயக்கம் வருமா? சரி, வரட்டும். ஃபேனை வாங்கி மாட்டிவிட்டால் அப்புறம் எதைச் சாக்குச் சொல்லிப் போவாள்?

மறுநாளே மலை இறங்கிச் சேந்தமங்கலம் போனாள். முந்தானையில் ஒரு பிடி சாமை உமி முடிந்திருந்தது. களத்தில் தூற்றும்போது உமியைக் கையிலிருந்து விட்டுப் பார்த்துத்தான் காற்றின் பலம் பார்ப்பது. ஃபேனுக்கும் அதே பரீட்சைதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

கடைக்காரர் ஒவ்வொரு ஃபேனாக ஓட விட, பத்தடி தள்ளி நின்று உமியை விட்டாள். முதல் ஃபேனுக்கு உமி காலடியிலேயே விழுந்தது. இரண்டாவதுக்கு மிக்ஸி வரிசை வரை போனது. மூன்றாவது, குடோனுக்கு மாட்டுகிற பெரிய சுவர் ஃபேன். உமி பறந்து போய்க் கல்லா மேல் இருந்த டீயில் விழுந்தது.

"ஏனுங்கம்மா, எங்க மாட்டறதுக்குங்க? எத்தன பெரிய ரூமு?" என்றார் கடைக்காரர், டம்ளரைத் தள்ளி வைத்துக்கொண்டே.

இவருக்கு எதற்கு நம் ரூம் விவரம் என்று நினைத்தாள். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியுமுங்க. இதையே கட்டுங்க" என்றாள்.

மாட்டுவதற்குக் காரவள்ளியிலிருந்து சிவபிரகாஷ் என்ற எலக்ட்ரீசியன் பைக்கில் வந்தான். இளவட்டம். வந்தவன் டிரில்லைக்கூட எடுக்கவில்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வறுக்கறவங்க எங்கங்க உக்காருவாங்க? கொஞ்சம் உக்காந்து காட்டச் சொல்லுங்கக்கா."

ராதிகா உட்கார்ந்து காட்டினாள். அவள் தலைக்கும் சுவருக்கும் டேப் பிடித்து அளந்தான். கண்ணாயி பாக்கெட் ஒட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இவங்க பின்னாடி செவுத்துல, தலைக்கு மேல மாட்டி, தோள்பட்டையப் பாத்துச் சாச்சு உடலாங்க. காத்து அடுப்புல நேராப் படக்கூடாது. அப்பறம் எதுக்க ஒரு சன்னல் அடச்சுக் கெடக்குதே, அதத் தொறந்து உடுங்க. சூடு வெளிய போவோணுமில்ல?"

அந்தச் சன்னல் பைக் வந்து நிற்கிற தடத்தைப் பார்த்தது. கண்ணாயிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சன்னலைத் திறப்பது யார் யாரைப் பார்ப்பதற்கு?

"ஏந்தம்பி, காத்து வாசப் பக்கமிருந்துதான் வரோணும். களத்துல அப்படித்தான் தூத்தறோம். எந்தலைக்கு மேல, அடுப்பப் பாத்து மாட்டு."

"நெருப்பு ஆடுமுங்கக்கா."

"ஆடுனா நாங்க பாத்துக்கறோம்."

அவன் ராதிகாவைப் பார்த்தான். ராதிகா சுவரைப் பார்த்தாள். அதையும் கண்ணாயி பார்த்தாள். போல்ட் இறுக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துப் போனான். நம்பர் சீட்டை ராதிகா கையில் படாமல் கண்ணாயி வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஃபேனைப் போட்டதும் அடுப்பு நெருப்பு சட்டியை விட்டு ராதிகா முழங்கை வரை நீண்டது. சாம்பல் எழும்பி ராகி மேல் விழுந்தது. ராதிகா எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டு வறுத்தாள். அடுத்த நாளும் அப்படியே. 'ஓஹோ, அவனைத் திரும்ப வரவழைக்கத்தானே இந்த நாடகம்?' என்று நினைத்துக் கண்ணாயி நம்பர் சீட்டை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் செம்மேடு வரை போய் வருகிறேன் என்று ராதிகா காலையிலேயே கிளம்பிவிட்டாள். பாக்கெட் கேட்டு ஆள் வருகிற நாள். வேறு வழியில்லாமல் கண்ணாயி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். தகரம் போட்ட பிறகு அந்த இடத்தில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

ஃபேனைப் போட்டாள், நெருப்பு பாய்ந்தது. அணைத்தாள். முதல் சட்டி இறங்குவதற்குள் ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. இரண்டாவது சட்டியில் மேலே தகரமும் முன்னால் அடுப்பும் சேர்ந்து அழுத்தியதில் காது அடைத்தது. வாசல் பத்தடிதான், அங்கே அடிக்கிற மலைக்காற்றில் ஒரு சொட்டுகூட இங்கே வரவில்லை. மூன்றாவது சட்டியைக் கீழே போட்டுவிடுவோம் என்று பயந்து முதலில் அதை இறக்கி வைத்தாள். பிறகுதான் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

சித்திரையிலிருந்து என் பிள்ளை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளா? கண்ணாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரான் தராசைப் பார்த்த கண்ணால் பெற்ற பிள்ளையையும் பார்த்துவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னாள்.

சிவபிரகாஷுக்குப் போன் போட்டாள். அவன் வந்து, "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றுகூடச் சொல்லாமல் ஃபேனைக் கழற்றினான். சாய்வு பார்க்க ஆள் வேண்டும் என்றபோது கண்ணாயியே அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். சன்னல் பலகையையும் அவளே பிடுங்கிப் போட்டாள். காற்று தோளில் விழுந்து சூட்டை அள்ளிக்கொண்டு சன்னல் வழியே போனது. நெருப்பு அசையவில்லை.

அவன் போன பிறகு ராதிகா வந்தாள். வாசலில் நின்று ஃபேனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு மாத்துன?"

"நீ சொன்னது நெசந்தான் சாமி. உக்காந்து பாத்தேன்."

ராதிகா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பு காற்றில் படபடத்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"திங்கக்கெழம வாரேன்னு ஆர்த்திகிட்டச் சொல்லிட்டேன்மா."

"இப்பத்தான் காத்து வருதே கண்ணு?"

"காத்துக்காக இல்லம்மா. நான் ஒண்ணு சொன்னா, நீ உக்காந்து பாத்தாத்தான் நெசமாகுது. சொன்ன ஒடனே நம்பற எடத்துல கொஞ்ச நாளு இருந்துட்டு வாரேன்."

எப்போது வருவாய், உண்மையாகவே வருவாயா என்று கேட்கக் கண்ணாயியின் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. "சரி சாமி" என்றாள்.

திங்கட்கிழமை மகளின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை கூடவே நடந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை.