அவனுக்காக நான் எழுதிய கடிதம்

ஹைடல்பெர்க்கில் நான் முதுகலை படித்த வருஷங்களில் பக்கத்து அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருந்தான். வரலாறு படிக்க வந்தவன். படித்ததைவிட எழுதியதுதான் அதிகம். அவன் ஊரில் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஏழைகளின் நிலத்தைப் பிடுங்குவதைப் பற்றி, அங்கே அவன் மாமா மகன் நடத்திய சின்னப் பத்திரிகைக்கு வாரம் ஒரு கட்டுரை அனுப்புவான். அதுவும் சொந்தப் பெயரில். "புனைபெயர் வைத்துக்கொள்ளேன்" என்றால், "கோழைதான் பெயரை மறைப்பான்" என்பான். எனக்கு எரிச்சலாக வரும். கோழையாக இருப்பதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அவனுக்கு ஒரு பித்து உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் அவன் நாட்டுக்காரர் ஒருவர் இதே ஊரில் கண் மருத்துவம் படித்தாராம். ஐரோப்பா முழுக்க அலைந்து, தன் ஜனங்கள் படும் பாட்டை நாவலாக எழுதினாராம். வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தும் நாடு திரும்பினார்; ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர் தங்கிய வீடுகளையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமை மலிவு டிக்கெட்டில், ஊருக்கு ஊர் நிற்கும் ரயில்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போவான். பெர்லினுக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. ஒரு சுவரில் அவர் பெயர் போட்ட பலகை இருந்தது. அதன் கீழே இவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் நின்றான். பனி கொட்டியது. எனக்குக் காது விறைத்துவிட்டது.

"கும்பிட்டாச்சா, போகலாமா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "இவருக்குத் திரும்பிப் போகிற தைரியம் இருந்தது. எனக்கு இல்லை. நான் இங்கேயே இருந்துவிடத்தான் ஆசைப்படுகிறேன்" என்றான். இதை அவன் வேறு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

படிப்பு இழுத்துக்கொண்டே போனதால், விசா நீட்டிப்புக்கு அவனிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். அவனுக்கு ஜெர்மன் படிக்க வரும், எழுத வராது. எனக்கு எழுத வரும். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. "நகரு, நான் எழுதுகிறேன்" என்று உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்தேன். கடைசி வரியை நான் யோசிக்கவே இல்லை. சென்னையில் விசா நேர்காணலுக்கு முன்னால் ஏஜென்ட் எங்கள் எல்லோருக்கும் ஊட்டி அனுப்பும் வரி அது: படிப்பு முடிந்ததும் கட்டாயம் தாய்நாடு திரும்புவேன், அங்கே எனக்கு எந்தத் தடையும் இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பப் போவதில்லை. ஆனாலும் அதை எழுதாவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நம்புகிற கூட்டம் நாங்கள்.

அவன் படித்துப் பார்த்து, "இந்த வரி வேண்டுமா?" என்று கேட்டான்.

"போடாவிட்டால் நீட்டிக்க மாட்டார்கள். நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்!"

கையெழுத்துப் போட்டான். நீட்டிப்பும் கிடைத்தது. சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கு வினிகரில் வேகவைத்த கோழியும் சோறும் சமைத்துப் போட்டான்.

எட்டு மாதம் கழித்து, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவன் மாமா மகனைப் பத்திரிகை அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்தது இவன் என்று எழுதிய ஒரு தாளை அவன் அக்கா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் இங்கே அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தான். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையைப் பிரிக்கவே அவனுக்குப் பயம்; சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான்தான் வாசித்துச் சொன்னேன். கட்டுரைகள் வெளிவந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஊரில் தமக்கு எந்தத் தடையும் இல்லை, திரும்புவேன் என்று விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அவருடைய அச்சத்தை நம்புவதற்கில்லை. அது நான் எழுதிய வரி.

சாமான் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் ஓடினேன். அகதியாக வந்தவர், பிறகு எத்தனையோ பேருக்கு அன்ட்ராக், அதாவது அடைக்கல விண்ணப்பம், நிரப்பிக் கொடுத்தவர். என் கடிதத்தின் நகலைப் பார்த்தார்.

"எங்கட ஆக்கள் செத்தாலும் 'திரும்பிப் போவன்' எண்டு ஒரு கடுதாசியிலயும் எழுத மாட்டினம். நீங்கள் ஏன் எழுதிக் குடுத்தனீங்கள்?"

"விசாவுக்கு நாங்க எப்பவும் அப்படித்தான் எழுதுவோம், அண்ணா."

"ஓம், உங்களுக்குப் போறதுக்கு ஊர் இருக்கு. அதுதான் எழுதுறியள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வக்கீலிட்டப் போங்கோ. ஆனா இதை அழிக்க ஏலாது." அவர் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வழக்குப் போட்டோம். எழுதியது நான்தான் என்று நீதிமன்றத்தில் போய்ச் சொன்னேன். நீதிபதி இரண்டே கேள்விதான் கேட்டார். கையெழுத்து அவருடையதுதானா? படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாரா? ஆமாம் என்பதைத் தவிர என்னால் என்ன சொல்ல முடியும்? தோற்றோம்.

போலீஸ் வந்து பிடித்து ஏற்றும்வரை அவன் காத்திருக்கவில்லை. தானே டிக்கெட் எடுத்தான். பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் மேல்கோட்டுப் பொத்தானை மாற்றி மாற்றித் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தான். நான்தான் போட்டுவிட்டேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை பாவி. "நீ உதவிதானே செய்தாய்" என்றான். அந்த இடத்திலேயே என்னை அறைந்திருக்கலாம்.

நான்கு மாதம்தான். மாமா மகனுக்கு நடந்ததே அவனுக்கும் நடந்தது. அவன் அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் அவளோடு அதுவரை பேசியதில்லை. அழுதுகொண்டே, திக்கித் திக்கி ஆங்கிலத்தில் பேசினாள். சாவு ஊர்வலத்தில் ஊரே திரண்டதாம். உயிருக்குப் பயப்படாமல் ஜனங்களுக்காகத் திரும்பி வந்தவன் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். அம்மா அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாளாம்.

"கடைசிவரை நீங்கள்தானே கூட இருந்தீர்கள். அவனாக விரும்பித்தானே வந்தான்?" என்று கேட்டாள்.

"ஆமாம். அவனாகத்தான் வந்தான்" என்றேன்.

அவள் எனக்கு நன்றி சொன்னாள்.