கரண்டியோடு மைதானத்தில் இறங்கியவள்

போன சனிக்கிழமை சாயங்காலம், மாட்ச் முடிகிறவரை நான் மாட்டுவண்டியை விட்டு இறங்கவில்லை.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெண்கள் வண்டிக்குள் இருந்து பார்ப்பதுதானே வழக்கம்? உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின மாட்சில் நான் இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்பதுகூடச் சரியில்லை — குதித்தேன். குதித்து மைதானத்தின் நடுவே ஓடினேன். கையில் புளிச்சோற்றுக் கரண்டி இருந்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் ஒரு சிராய்க் காயம் இன்னும் ஆறவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோர்க்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் சாமுவேல் பாளையங்கோட்டையில் காலேஜில் படிக்கிறான். புட்பால் டீமில் அவன்தான் கோல்கீப்பர். நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பையன் ஆடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று ஐப்பசியில் போனேன். ஒரே ஒரு தடவை... அதற்குப் பிறகு ஒரு மாட்ச் விடவில்லை. வகுப்பில் வங்காள விரிகுடாவைக் காட்டிக்கொண்டே, மனசுக்குள் எங்கள் லெப்ட்-அவுட் ஆட்டக்காரனைத் திட்டியிருக்கிறேன்.

எதிரி எப்போதும் ஒருவர்தான் — ஆற்றுக்கு அக்கரை டவுன் காலேஜ். ஒரு சனிக்கிழமை இங்கே, அடுத்தது அங்கே. மத்தியானமே எங்கள் வண்டிகள் கிளம்பிவிடும். மைதானத்துக்குப் போனதும் மாட்டை அவிழ்த்து மரத்தில் கட்டுவோம். வண்டியின் பின்பக்கத்தைச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்க்கத் திருப்பி, முன்னால் முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். கூண்டுக்குள் நாங்கள். அந்தப் பின்பக்கத் திறப்புதான் எங்களுக்கு ஜன்னல், அடுக்களை, பந்திப் பாய் எல்லாம். புளிச்சோறு, கடலைத் துவையல், கருப்பட்டிக் காப்பி... பந்து உருளுமுன்னே தூக்குச்சட்டி பாதி காலியாகிவிடும். ஆட்டம் பார்க்கப் போகிறோமா, சாப்பிடப் போகிறோமா? அதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

எதிர்க்கோட்டில் அவர்கள் வண்டிகள். எங்கள் பக்கம் பெரும்பாலும் வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அவர்கள் பக்கம் சைவக் குடும்பங்கள். நடுவில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு ஏதாவது தின்னக் கொடுத்து அனுப்ப வேண்டும். அது வந்து சேருகிறவரை தோற்றவர்கள் மாடு பூட்டக் கூடாது. பழம் போகலாம், இளநீர் போகலாம், கருப்பட்டி போகலாம். உப்புப் போட்டுச் சமைத்தது மட்டும் கோட்டைத் தாண்டக் கூடாது; எங்கள் வீட்டுச் சோறு அவர்களுக்கு ஆகாது.

அவர்கள் அனுப்புவது வாழைத்தார். ஆற்றுப்பாசன வயல்காரர்கள், குறைச்சலா? நாங்கள் அனுப்ப வேண்டியது கருப்பட்டி. அதற்குப் பொறுப்பு, பாளையங்கோட்டையில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் உடன்குடி அண்ணாச்சி. அவர் பிள்ளைகள் யாரும் டீமில் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் கடை மூடிவிடும். முதல் மாட்சுக்கு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்தார். தோற்றோம், பெட்டி திரும்பிப் போனது. அடுத்த மாட்சும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"தூக்கிட்டுப் போயி தூக்கிட்டு வாரதுக்கு இது என்ன சப்பரமா வே?" என்று ஒருநாள் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டார். "இந்த வருஷம் பூரா அவங்க பழத்தையே தின்னு எனக்கு வயிறு மந்தமாக் கெடக்கு."

இப்படித்தான் கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின சனிக்கிழமை வந்தது.

டவுன் காலேஜின் சென்டர்-பார்வர்ட் பெயர் சங்கரன். வெறுங்காலால் அடித்தாலும் பந்து கல்லாக வரும். அவன் பந்தோடு கோலை நோக்கி வந்தான். சாமு முன்னால் பாய்ந்து பந்தைக் கட்டிப் பிடித்தான். சங்கரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சத்தம் எங்கள் வண்டிவரை கேட்டது.

அப்புறம் அவன் அசையவில்லை.

நான் இறங்கியது எனக்கே தெரியாது. பாதி மைதானத்தில் ரெப்ரீ தடுத்து ஏதோ சொன்னார். கரண்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மண்ணில் கிடந்த அந்த முகம்தான். வேண்டாம், அதை எழுத முடியவில்லை.

பையப் பையக் கண்ணைத் திறந்தான். "பந்து உள்ள போயிட்டா?" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏம்மா, நீ எதுக்கு எறங்குன?"

எதிர்க்கோட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "கரண்டி!" இன்னொன்று. பிறகு எல்லாரும். "கரண்டி! கரண்டி!" அன்றைக்கும் தோற்றோம். வாழைத்தார் வந்தது. எங்கள் பக்கம் ஒருவரும் ஒரு பழத்தைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தலைவலி முழுக்க நின்ற பிறகு ஆடலாம் என்றார்கள். லீவுக்குள் வலி நின்றுவிட்டது. ஆனால் என் மகன் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மார்க்கெட் பக்கம் போனால், பாலத்துப் பக்கம் போனால், யாராவது ஒருத்தன் "கரண்டி" என்பான். நெற்றிப் புடைப்பு வற்றிவிட்டது. இது வற்றவில்லை.

லீவு முடிந்து வரும் கடைசி மாட்ச் டவுனில். எங்களுக்கு வேறு கீப்பர் கிடையாது. என் வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, பேச்சு குறைவு. "இனிமே பந்து கிந்துன்னு இந்த வீட்டுல பேச்சு வரப்படாது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்கு உள்ளூர நிம்மதி. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அந்த நிம்மதியைக் கெடுக்க அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

"டீச்சரம்மா, கீப்பர் இல்லாம கோல் கம்பத்துல பூசணிக்காயவா கட்டித் தொங்கவிடச் சொல்லுதீங்க?"

"உங்க பிள்ளைன்னா இப்படிப் பேசுவீங்களா அண்ணாச்சி?"

"எம் பிள்ளையா? அவனும் பந்தக் கண்டா ஓடத்தான் செய்யுதான். வேற தெசைக்கு!"

என் வீட்டுக்காரர் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கை காட்டினார். "அவ சொல்லட்டும். எறங்கி ஓடுனவ அவதானே."

ஆக, முடிவு என் தலையில்.

சாமு கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "நான் ஆடலாம்னு நீ சொல்லாண்டாம்மா. எறங்க மாட்டேன்னு மட்டும் சொல்லு. அப்பத்தான் போவேன். இல்லன்னா இங்கனயே கெடந்துட்டுப் போறேன்."

"திரும்பவும் விழுந்தா?"

"விழுந்தாலும் எறங்கக் கூடாது."

"எந்திரிக்கலன்னா?"

நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "எந்திரிப்பேன்ம்மா."

இது ஒரு தாயிடம் கேட்கக்கூடிய வாக்கா? நீங்களே சொல்லுங்கள். எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், பயந்தால் பாடம் வராது என்று சொல்லியிருக்கிறேன்! எனக்கென்று வரும்போது அந்தப் பாடம் எனக்கே வரவில்லை. ஆனால் அவன் நெற்றியில் பட்டது சங்கரனின் முழங்கால். அவனை வீட்டுக்குள் முடக்கியது என் கரண்டி. இரண்டில் எது ஆறாமல் கிடக்கிறது என்று கண் முன்னால் தெரிந்தது.

"எறங்க மாட்டேன்" என்றேன்.

அண்ணாச்சி அப்போதே டீமுக்குச் சொல்ல ஓடிவிட்டார்.

போன சனிக்கிழமை சோறு கிளறி முடித்தபோது, கரண்டியை வைத்துவிட்டு அகப்பையை எடுத்துப் போகலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். அதே கரண்டிதான். ஒளிக்க ஆரம்பித்தால் அப்புறம் எதையெல்லாம் ஒளிப்பது?

பாலம் தாண்டி டவுன் மைதானத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். "கரண்டி வந்தாச்சு வே!" என்று ஒரு குரல் வரவேற்றது. எதிர்க்கோட்டில் முதல் வண்டியில் சங்கரனின் தாயார் சிவகாமி அம்மாள். இத்தனை மாட்சிலும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் பக்கம் கோல் போடும்போது அந்த அம்மாள் சிரிக்கிற சிரிப்பு மட்டும் மைதானம் தாண்டி வரும்.

பாதி ஆட்டம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. பிறகு நான் மனசுக்குள் திட்டித் தீர்த்த அந்த லெப்ட்-அவுட்... என்ன நினைத்தானோ, கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை. கோல்! அண்ணாச்சியின் தலைப்பாகை ஆகாயத்தில் பறந்து, என் காப்பிச் செம்பில் விழுந்தது.

இனி டவுன் காலேஜ் சும்மா விடுமா? வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் சங்கரன் வந்தான். அதே மாதிரி, பந்தோடு. சாமுவும் அதே மாதிரி பாய்ந்தான்.

இரண்டு பேரும் விழுந்தார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கூண்டு மூங்கிலைப் பிடித்தேன். உள்ளங்கையில் சிராய் ஏறியது இன்றைக்கும் வலிக்கிறது. கால் தானாகக் கீழே போனது. இழுத்து மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்தேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. எந்திரி, எந்திரி, எந்திரி... அது மட்டும்தான்.

அப்போது எதிர்க்கோட்டில் ஒரு வண்டி ஆடியது. சிவகாமி அம்மாள் குதித்துவிட்டார்கள்! கையில் தண்ணீர்ச் செம்பு. பட்டுச் சேலை தடுக்க, தண்ணீர் தளும்ப, தன்னந்தனியே மைதானத்தில் ஓடி வருகிறார்கள். மைதானமே வாயடைத்துப் போனது.

எங்கள் பக்கம் ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார். யாரென்று சொல்லவும் வேண்டுமா?

"செம்பு! செம்பு!" என்றார் அண்ணாச்சி, குதியாட்டம் போட்டுக்கொண்டு. பின்னாலேயே நாலு பேர் தொடங்கினார்கள்.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "இன்னொரு தடவ அந்த வார்த்தை வந்தா, இந்தக் கரண்டியாலேயே அடிப்பேன்!"

வரவில்லை.

சாமு முதலில் எழுந்தான். பந்து அவன் பிடியிலேயே இருந்தது. எழுந்ததும் எங்கள் வண்டியைத்தான் பார்த்தான். நான் கரண்டியை உயர்த்திக் காட்டினேன் — இங்கனதான் இருக்கேன்லே! அவன் குனிந்து சங்கரனுக்குக் கை கொடுத்தான். சங்கரனுக்கு உதடு கிழிந்திருந்தது. மூச்சிரைத்து நின்ற தாயாரைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தையை சாமு அப்புறம் எனக்குச் சொன்னான்:

"ஏம்மா, நீ எதுக்கு எறங்குன?"

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஆட்டபாட்டமெல்லாம் அடங்கிய பிறகுதான் கவனித்தோம்... எதிர்ப்பக்கம் வண்டிகள் கிளம்பாமல் நிற்கின்றன. மாடு பூட்டவில்லை. எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, கருப்பட்டிய கடையிலேயே வச்சிட்டு வந்துட்டனே!"

தோற்றுத் தோற்று, ஜெயித்தால் என்ன செய்வதென்றே மறந்துபோய்க் கிளம்பியிருக்கிறோம். ஒரு பழம் உண்டா, ஓர் இளநீர் உண்டா? எல்லா வண்டியையும் துழாவினோம். இருந்ததெல்லாம் என் தூக்குச்சட்டியில் பாதிப் புளிச்சோறு.

சாமு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றான். உடம்பெல்லாம் மண்.

"சோறு இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா அவங்களுக்கு ஆகாதேய்யா."

"சங்கரன் பசிக்குங்கான்" என்றான். பிறகு கையை நீட்டினான். "இப்ப எறங்கலாம்மா."

இறங்கினேன். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் கரண்டி. மைதானத்தை நடந்தே கடந்தேன். ஒருவனும் ஒன்றும் சொல்லவில்லை.

சிவகாமி அம்மாள் வண்டியோரம் நின்றார்கள். சேலையில் பாதி நனைந்திருந்தது.

"ஒங்க பையன் தலைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தேவலை. ஒங்க பையனுக்கு?"

"ஒதடுதான் கிழிஞ்சிருக்கு. வாய் கொறையல." தூக்குச்சட்டியைப் பார்த்தார்கள். "புளிச்சோறா?"

"ஆமா. வேற ஒண்ணும் கொண்டுவரல. ஜெயிப்போம்னு நெனைக்கல."

"வாசனை என்னமோ வருஷம் பூரா இந்தப் பக்கம் வந்துக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் எனக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

சங்கரன் ஒரு வாழையிலைத் துண்டை நீட்டினான். அவனோடு இன்னும் நாலைந்து இலைகள் நீண்டன. கரண்டி சட்டியின் அடிவரை போனது.

"முடிஞ்சுதாலே?" — ஆற்றைப் பார்த்தபடியே.

"இன்னும் கொஞ்சம்மா."

"சரி. நான் ஆத்தைப் பாத்துட்டிருக்கேன்."

பிறகுதான் மாடு பூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் சுண்ணாம்புக்கட்டி பிடித்தால் அந்தச் சிராய்க் காயம் குத்துகிறது. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. வருகிற ஐப்பசியில் என்னோடு அதுவும் வண்டியில் ஏறும். ஏறட்டும், கூண்டுக்குள் இடம் இருக்கிறது. கருப்பட்டிப் பெட்டியை அண்ணாச்சியிடம் விடாமல் நானே ஏற்றிக்கொள்வேன். தோற்றால் திருப்பித் தூக்கி வந்தால் போகிறது.

புளிச்சோறும் கொஞ்சம் கூடுதலாகவே கட்டுவேன் — ஆற்றைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்!