ஸ்ரேசன் கொட்டகையின் கடைசிச் சைக்கிள்

ரயில் வந்துவிட்டதை எங்களுக்கு முதலில் சொல்வது சைக்கிள் மணிகள்தாம். யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் அப்பா நடத்திய கொட்டகையில் வரிசையாக நின்ற சைக்கிள்கள் எல்லாம், யாழ்தேவி வந்து நிற்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம், யாரும் தொடாமலே மெல்ல நடுங்கி மணியடிக்கும். அந்தச் சத்தத்தோடு வெளியே 'ஏ போட்டி' வாடகைக் கார்களின் கதவுகள் திறபடும், மினிபஸ் பெடியள் அச்சுவேலி, சண்டிலிப்பாய் என்று கத்தத் தொடங்குவார்கள், பொதிகளையும் சனத்தையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போகும் 'தட்டிவான்' ஒன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கும். யாழ்ப்பாணத்துத் தெருக்கள் எல்லாம் அந்த முற்றத்திலிருந்துதான் தொடங்குகின்றன என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

கொட்டகைக்குச் 'சைக்கிள் பாக்' என்று பெயர். கொழும்புக்குப் போகிறவர்கள் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு ரயிலேறுவார்கள். அப்பா ஓர் அட்டையை இரண்டாகக் கிழித்து, இரண்டிலும் ஒரே இலக்கத்தை எழுதி, ஒரு பாதியை ஹாண்டிலில் நூலால் கட்டுவார், மறுபாதியை ஆளிடம் கொடுப்பார். அதுதான் 'துண்டு'. திரும்பி வருகிறவர் துண்டை நீட்டியதும் கிழிசல் பொருந்துகிறதா என்று பார்ப்பார், ஹாண்டில் நூலைப் படக்கென்று அறுப்பார், இரண்டு பாதியையும் தகரப் பேணிக்குள் போடுவார். நூல் அறுந்தால் கணக்குத் தீர்ந்தது, ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்று பொருள். ஒருமுறை சைக்கிள்காரரின் தம்பி என்று சொல்லி வந்த ஒருவனிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, மறுநாள் சொந்தக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்ற நாளிலிருந்து, "துண்டு இல்லாட்டிச் சைக்கிளும் இல்லை" என்பது அவருடைய வேதவாக்காகிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டு ரயில் நின்றபோது எனக்குப் பத்து வயது. சில நாளில் ஓடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரேசனில் குண்டு விழுந்ததும், தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டைகளையும் சனம் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போனதும் பிறகு நடந்தவை. கொட்டகையில் மிஞ்சிய சைக்கிள்களை அப்பா ஒவ்வொன்றாக உருட்டிவந்து கந்தர்மடத்தில் எங்கள் வீட்டின் பின்புறக் கோடியில் நிறுத்தினார். எங்கெங்கோ சுற்றி ஊர் திரும்பியவர்கள் துண்டோடு வந்து எடுத்துப்போனார்கள். கடைசியில் டைனமோ பூட்டிய ஒரு பச்சைச் சைக்கிள் மட்டும் நின்றது.

அதன் சொந்தக்காரர் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்தவர். தம்பியின் பாஸ்போட் அலுவலாக இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர். ரயில் நின்றதும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் புறப்பட்டார் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

அடுத்த தை மாதம் அவருடைய மனைவி பவளக்கா எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். பெற்றோல் இல்லாமல் பஸ்களும் படுத்துவிட்ட காலம்; இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தார். தோட்டத்துக் கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோக வீட்டில் வேறு சைக்கிள் இல்லையென்றும், துண்டு அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குள்ளேயே போய்விட்டதென்றும் சொன்னார்.

"அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது, தங்கச்சி? துண்டோடை அவரே வரட்டும்," என்றார் அப்பா.

 பவளக்கா அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கோடிக்குள் போய்ச் சைக்கிளின் சீற்றைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, வந்த வழியே நடந்தார்.

அன்றிரவு தொடங்கி அம்மா அப்பாவோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று நானும் மனதுக்குள் திட்டினேன். ஆனால் அவர் ஈவிரக்கமில்லாமல் சொன்னதல்ல என்பது இப்போது விளங்குகிறது. துண்டில்லாமல் சைக்கிளைக் கொடுத்தால், அந்த மனிதரை இனிமேல் எதிர்பார்க்கவில்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும் என்று அவர் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தின் பாரத்தைத் தலையில் சுமந்து நடந்தவர் பவளக்கா.

நாலைந்து மாதத்தில் அப்பாவுக்கே மனம் பொறுக்கவில்லை. சைக்கிளைச் சண்டிலிப்பாய்வரை உருட்டிக்கொண்டு போனார். அதில் அவர் ஒருநாளும் ஏறி ஓடியதில்லை. மத்தியானம் அதே சைக்கிளோடு திரும்பி வந்து, வாசல் படலையடியில் வெகுநேரம் நின்றார். பவளக்கா வாங்க மறுத்துவிட்டாராம். "நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணை. அவர் வந்து எடுக்கட்டும். இல்லாட்டி ஸ்ரேசனடியிலை தேடித் திரிவார்," என்றாராம்.

அதன் பிறகு அப்பா கிழமைக்கொருமுறை ரயருக்குக் காற்றடிப்பார், செயினுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார். மின்சாரமில்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ஊரே ரேடியோவில் செய்தி கேட்ட நாட்கள் அவை. அயலவர்கள் அந்த டைனமோவை இரவல் கேட்டபோதும் கொடுக்கவில்லை. பவளக்கா பட்டணத்துக்கு ஏதாவது அலுவலாக வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். குழந்தை வளர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்கிவர, மழைக்குள், ஊரோடு நாங்களும் வெளிக்கிட்டோம். எங்கள் சைக்கிளில் சட்டிபானையும் என் தம்பியும். பச்சைச் சைக்கிளில் அப்பாவைக் கேட்காமலே அம்மா அரிசி மூட்டையைக் கட்டினார், அவரும் தடுக்கவில்லை. செம்மணி வழியாகத் தென்மராட்சி போய்ச் சேர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். இரண்டு கிழமைக்குப் பின், சண்டிலிப்பாய்ச் சனம் கொடிகாமத்தில் இருக்கிறதென்று அறிந்ததும், அப்பா சைக்கிளைக் கழுவித் துடைத்து உருட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் போனேன்.

பவளக்கா ஒரு மாமரத்தின் கீழ் மூன்று கல் வைத்து உலை மூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழுந்தார். பிள்ளை குளிர்காய்ச்சலோடு பாயில் கிடந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்பா சைக்கிளை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். அந்தக் கணத்தில், எத்தனையோ வருடக் கைப்பழக்கத்தில், தான் செய்வது இன்னதென்று தெரியாமலே, ஹாண்டிலில் இருந்த நூலைப் படக்கென்று அறுத்துவிட்டார்.

பவளக்கா அவர் கையிலிருந்த பாதி அட்டையைப் பார்த்தார்.

"அப்ப அவர் இனி வரமாட்டாரோ, அண்ணை?"

அப்பா அந்த நூலைத் திரும்ப முடியப் பார்த்தார். அறுந்த நூல் எட்டாமல் முடிச்சு விழவில்லை. பவளக்கா குரலெடுத்து அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கரியரில் இருத்தி, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, ஆஸ்பத்திரிப் பக்கமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவரை நாங்கள் கண்டது அதுதான் கடைசி. அப்பா அதன் பிறகு ஒருவருடைய பொருளையும் பொறுப்பேற்றதில்லை. செத்தவீட்டில் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட எழுந்து போய்விடுவார்.

அப்பாவும் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஸ்ரேசனைப் புதிதாகக் கட்டி, வெள்ளையடித்து, ரயிலும் விட்டுவிட்டார்கள். கொட்டகை நின்ற இடம் எதுவென்று மட்டுக்கட்ட முடியவில்லை. தட்டிவானும் இல்லை, ஏ போட்டியும் இல்லை, நான் ரயிலால் இறங்கி வெளியே வந்ததும் ஓட்டோக்காரர்கள் "எங்கை அக்கா போகவேணும்?" என்று சூழ்ந்துகொள்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் இறங்கி முடியும்வரை வாசலில் நிற்கிறேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஆண்கள் யாராவது தனியே வந்தால் உற்றுப் பார்க்கிறேன். பார்த்து என்ன பயன். அந்த மனிதரின் சைக்கிளைத்தான் எனக்குத் தெரியும், முகம் தெரியாது.