மேல்மாடி நாவலாசிரியர் சுட்ட பாண்

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு வயோதிப அயர்லாந்துப் பெண் தனியாக இருந்தார். நாவலாசிரியர். அவரைக் குளிக்க வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, வீடு கூட்டுவது அம்மாவின் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் போவேன்.

அவருடைய முதல் நாவலை ஊர்ப் பாதிரியார் கோயிலில் வைத்தே திட்டித் தீர்த்தாராம். அந்தக் கோபத்தில் கப்பலேறி ரொறன்ரோ வந்தவர், பிறகு எழுதியதெல்லாம் அதே கடலோரக் கிராமத்தைப் பற்றித்தான். எல்லா நாவலிலும் ஒருவன் சண்டைக்குப் போவான், திரும்பி வரமாட்டான், வீட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். அவருடைய அண்ணன் அப்படித்தான் போனார் என்று அம்மா சொன்னார். "அவவின்ர புத்தகத்தில ஒருத்தராவது சந்தோஷமாச் சாப்பிட்டு எழும்பினதாத் தெரியேல்லை" என்பார் அப்பா. அப்பா அதில் ஒரு பக்கம்கூட வாசித்தவரல்ல.

என்னைக் கண்டால் அவருக்குக் கேள்விதான். உங்கள் ஆட்கள் பிள்ளை பிறந்தால் என்ன செய்வார்கள், செத்தால் என்ன செய்வார்கள்? பெரியம்மாவின் செத்தவீட்டுக்குப் போய் வந்திருந்த நான் பெரிய மனுஷிபோல விளக்கினேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவந்து சாப்பிட வைப்பார்கள்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் போர் முடிந்தது. நல்ல செய்தி என்று ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வன்னியில் இருந்த சின்ன மாமாவின் போன் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. தம்பியின் குரலைக் கேட்கும்வரை அடுப்பைத் தொடுவதில்லை, தண்ணீரும் பழமும்தான் என்று அம்மா நேர்த்தி வைத்தார். வேலைக்கும் போகாமல் சோபாவிலேயே கிடந்தார். அப்பா கடையிலிருந்து சோற்றுப் பார்சல் வாங்கி வந்து எனக்குத் தருவார். அம்மா அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் அவ்வளவு அமைதியாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா ஏன் வருவதில்லை என்று நாவலாசிரியர் கேட்டபோது, எங்கள் வீட்டில் இப்போது அடுப்பு மூட்டுவதில்லை என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, அவரே கீழே இறங்கி வந்தார். கையில் துணியில் சுற்றிய பாண். அவரே மாக் குழைத்துச் சுட்டது, சூடுகூட ஆறவில்லை. கதவைத் திறந்த அம்மா பாணையும் கறுப்புச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ ஏன் சாப்பாடு கொண்டு வந்தவ? நீ என்ன சொன்னனீ?"

"நாங்கள் அடுப்பு மூட்டுறேல்லை எண்டு சொன்னனான்."

அப்பா பதறி எழுந்தார். "அவ பிழையா விளங்கிப் போட்டா. நான் சொல்லி அனுப்புறன்."

"வேண்டாம். உள்ள வரட்டும்" என்றார் அம்மா.

நாவலாசிரியர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாணைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். அம்மா அதை வெகுநேரம் வெறுமனே வைத்திருந்தார். பிறகு வாயில் போட்டு மென்றார். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா சாப்பிட்டுவிட்டார். எதைக் கைவிட்டுவிட்டு அந்தப் பாணைத் தின்றார் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. சின்ன மாமா போன் எடுத்தால் இந்தமுறை நான்தான் முதலில் கதைப்பேன் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.