மலைக்கு முதுகு காட்டாத ஜீப்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பழைய ஜீப்பை விற்கக் கிளம்பினோம். ஓட்டியவர் என் கணவர். பக்கத்தில், பழைய வண்டி வாங்கி விற்கும் பாய். பின் சீட்டில் நான்... மனசுக்குள் வேறொரு காரில்.

ஜீப் போனால் எனக்கு ஒரு சின்ன கார் என்று பேச்சு. கியர் போடும் வேலையே இல்லாத கார். கலர்கூட முடிவு செய்துவிட்டேன்.

நாலு சக்கரமும் இழுக்கும் அந்த ஜீப் என் கணவருக்கு உயிர். அப்புறம் ஏன் விற்கிறார்? மழைக்குப் பிறகு வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. நேராகப் போனால் சமர்த்து. வளைவில் திருப்பினால் டயர் கிறீச்சிடும், ஸ்டீயரிங் கையை உதறும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் திணறும். கியர்பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் ஆகணும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இந்த வயசான வண்டிக்குப் பார்ட்ஸ் தேடி ஊர் ஊராக அலைய இவருக்குத் தெம்பில்லை.

"அடி அண்ணாமலைப் பக்கம் டிராஃபிக் கம்மி சார். அங்க ஓட்டிப் பாத்துடலாம்" என்றார் பாய்.

எங்கள் வீடு வேங்கிக்காலில். கிட்டத்து வழியில் போனால், சாமியாகவே நிற்கும் மலையை இடமாகச் சுற்ற வேண்டும். என் கணவர் செய்வாரா? ஊருக்குள் புகுந்து, கோயிலைத் தாண்டி, மலையை வலமாகவே சுற்றிக்கொண்டு போனார். பாய் பொறுமைசாலி.

ஒவ்வொரு வளைவிலும் ஜீப் கத்தியது. "கஷ்டம்தான் சார். வேலை ஜாஸ்தி வைக்கும். பரவால்ல, அப்படியே எடுத்துக்கறேன்" என்றார் பாய். இவர் தலையாட்டினார். டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செய்யத் தொடங்கியது — அதுதான் வினை.

டீ குடிக்க வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கி, ஒரு வட்டமடித்து நிறுத்தினார். சத்தமே இல்லை. டீ குடித்து முடித்துத் தாரில் ஏறித் திருப்பினார். கிறீச்...

பல் தேய்ந்த கியருக்கு மண் எது, தார் எது என்று தெரியுமா என்ன?

"ஏங்க, தார் ரோட்டுக்கு ரெண்டு சக்கரம் இழுத்தா போதுமே, கியர் பக்கத்துல அந்தச் சின்ன லீவர் ஏன் நாலு சக்கரத்துலயே கிடக்குது?"

"மழையில மல்லாட்டைக் கொல்லைச் சேத்துல மாட்டிக்கினோமே, அப்ப போட்டது. அப்புறம் வரவே இல்ல. நானும் இழுத்துப் பாத்துட்டேன், மெக்கானிக்கும் இழுத்துப் பாத்துட்டாரு. ஜாம்."

எனக்கு விளங்கிவிட்டது. வளையும்போது முன்சக்கரங்கள் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். பின்சக்கரங்களுக்குக் குறைவு. லீவர் இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் முடியாது. முறுக்கு உள்ளேயே ஏறுகிறது, லீவரைக் கவ்விப் பிடிக்கிறது. முறுக்கிப் பிழிந்த துணியைப் பிரிக்க எந்தப் பக்கம் திருப்புவோம்? எதிர்ப்பக்கம்தானே?

"நேரா ரிவர்ஸ் எடுங்க. எடுத்துக்கினே லீவரை இழுங்க."

"இங்கயா? கிரிவலப் பாதையில பின்னாடியா?" என் கணவர் பிரேக்கை மிதித்தார். "மலையை அப்பிரதட்சணமா சுத்தச் சொல்றியா?"

"பத்தடிதாங்க."

"பத்தடின்னாலும் அது அதுதான்."

எதிரில் ஒரு பஸ் மலையை இடமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. காட்டினேன். "அது அந்த டிரைவர் பாடு" என்றார்.

மனுஷனை எப்படி மடக்குவது? சாலையின் இடப்பக்கம், மலையை விட்டு விலகிப் போகும் ஒரு தெரு தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருடைய லீவர் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா?

"சன்னிதியில கும்பிட்டுட்டு எப்படி வருவீங்க?"

"முதுகு காட்டாம, பின்னாடியே நடந்து வருவேன்."

"அப்படியே வாங்க. மூக்கை மலைப்பக்கம் திருப்பிக்கினு, அந்தத் தெருவுக்குள்ள நேரா பின்னாடி போங்க."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாய் இறங்கி நின்று வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார். ஜீப் மலையைப் பார்த்தபடி, பயபக்தியோடு, மெல்லப் பின்னால் நகர்ந்தது. இவர் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு கையால் லீவரை இழுத்தார். ஸ்டீயரிங்கை யார் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

டக்.

அவ்வளவுதான். லீவர் வெண்ணெயில் இறங்கிய கத்தி போல வந்துவிட்டது. ஒரு வட்டம் அடித்தார். சத்தமில்லை. இன்னொரு வட்டம். ஒரு முனகல்கூட இல்லை. மூன்றாவது வட்டம் தேவையே இல்லை. ஆனாலும் அடித்தார்... வலமாகத்தான்.

"பாய், மன்னிச்சுக்கோங்க. வண்டி விக்கறதா இல்ல."

பாய்க்குக் கோபமில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். "நானும் ஷெட்டுக்குப் போய் கழட்டித்தான் போட்டிருப்பேன் சார். மேடம் இல்லன்னா கோவிந்தா." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, இதுல உங்களுக்கு என்ன மேடம் லாபம்?"

திரும்பும் வழியெல்லாம் என் கணவர், நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்று பாய்க்குச் சொல்லிக்கொண்டே வந்தார். சின்ன கார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுவதா, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

வண்டியில் என்ன கோளாறு என்று யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், தோழிகளே... புது கார் வாசலுக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பவள்தான் அறிவாளி.